கரையில் ஒதுங்கக் கூடாது

கரையில் ஒதுங்கக் கூடாது என்று நகராட்சி பலகை நட்ட மறுநாள் காலையிலிருந்து, திருக்கைகள் கரையில் ஒதுங்குவதை நிறுத்திக்கொண்டு நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படியில் ஒதுங்க ஆரம்பித்தன. முதல் திருக்கை முதல் படியில் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம், விளிம்பெல்லாம் மணல், வயிற்றுக்கு அடியில் ஒரு கை அள்ளினால் தீர்ந்துபோகிற அளவுக்குக் கடல்தண்ணீர். கடலுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு கடைத்தெருவும் ஒரு பேருந்து நிலையமும் ஒரு ரயில்வே கேட்டும் இருந்தன. வழியில் எங்கேயும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எப்படி வந்தது என்று விசாரிக்க ஒரு குழு போடப்பட்டது. எப்படி வந்திருந்தாலும் அலுவலக நேரத்துக்கு முன்பே வந்துவிட்டபடியால் குறை சொல்வதற்கில்லை என்று குழு அறிக்கை கொடுத்தது. ஏன் வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. கடற்கரைப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில், மேலும் விவரங்களுக்கு நகராட்சி அலுவலகத்தை அணுகவும் என்று எழுதியிருந்தது. அணுகியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மாடிப்படிக்கு நேர் கீழே, துடைப்பங்கள் வைக்கிற அறையை அட்டைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்த பாதியில், லைன் அக்காவின் மேசை இருந்தது. அறையின் கூரையே மாடிப்படியின் அடிப்பக்கம் என்பதால் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் உட்கார்ந்தால்கூடத் தலை இடிக்கும். மேலே யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், யாருக்கு முழங்கால் வலி, யார் வேலை முடிந்து இறங்குகிறார், யார் வேலை முடியாமல் இறங்குகிறார் என்பதெல்லாம் காலடிச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். கரை ஒதுங்கும் கடல் உயிரினங்களுக்கான உதவி எண் அவளுடைய தொலைபேசி; ஊர் அவளை லைன் அக்கா என்று கூப்பிட்டதும் அதனால்தான். அந்தத் திட்டத்தை ஆரம்பித்தபோது இரண்டு பணியிடங்கள் உருவாக்கினார்கள்: போனை எடுக்க ஒருவர், போய்ப் பார்க்க ஒருவர். முதல் பணியிடத்துக்கு அவளைத் தற்காலிகமாகப் போட்டார்கள். இரண்டாவது பணியிடத்துக்கான கோப்பு மாடிக்குப் போனது. மாடிக்குப் போகிற கோப்புகளின் சத்தம் அவளுக்குக் கேட்காது என்பதால் அது இறங்கியதா இல்லையா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அரை நாள் பயிற்சியில் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதையே எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாலைத் தொடாதீங்க. ஈரத்துணி போடுங்க, ஆனா கண்ணுக்குப் பின்னால ரெண்டு ஓட்டை இருக்கும், அதை மூடாதீங்க, அதுலதான் மூச்சு. வெயில் படாம மறைச்சுக்கங்க. கூட்டம் கூடிப் படம் புடிக்காதீங்க. ஆள் வருவாங்க." முதல் வருஷம் கடைசி வாக்கியத்தை அவள் நம்பிச் சொன்னாள். இரண்டாம் வருஷம் வேண்டிக்கொண்டு சொன்னாள். அதற்குப் பிறகு, சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்வோமே, அப்படி.

அந்த வாக்கியத்தை நம்பிய ஒருவர் ஊரில் இருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர்க்கடை வைத்திருப்பவர். திட்டம் ஆரம்பித்த முதல் வருஷமே ஒரு டால்பின் கரை ஒதுங்கியதைப் பார்த்து போன் செய்தவர், அவள் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். தன் சட்டையைக் கழற்றி நனைத்துப் போட்டார், லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்து நிழல் கட்டினார், படம் பிடிக்க வந்தவர்களை வாயில் வந்தபடி திட்டி விரட்டினார். அலை கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. நாலு பேர் சேர்ந்தால் இழுத்து விட்டிருக்கலாம். ஆனால் ஆள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்களே, தெரியாமல் நாமாக எதையாவது செய்து கெடுத்துவிடக் கூடாதே என்று சாயங்காலம்வரை காத்திருந்தார். டால்பின் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. அதிலிருந்து அவர் லைன் அக்காவை எதிரில் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஆனால் வருஷா வருஷம் அதே தேதியில் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "ஆள் கிளம்பிட்டாங்களா?" அவள் பதில் தேடுவதற்குள் வைத்துவிடுவார். அந்தத் தேதிக்கு முந்தைய வாரமெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவளுடைய மாமியார் அதைக் கர்ப்பம் என்று இரண்டு முறை தப்பாக நினைத்திருக்கிறாள்.

பலகை வந்த கதை வேறு. சுத்தமான கடற்கரைக்கு விருது கொடுக்கிற குழு ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. செத்த மீன் கிடந்தால் மதிப்பெண் குறையும், உயிரோடு கிடந்தால் இன்னும் குறையும் என்று கேள்விப்பட்ட நகராட்சித் தலைவர், கிடக்கவே கூடாது என்று முடிவெடுத்தார். கடற்கரைக்கு வேலி போட்டுக் கேட் வைத்தார்கள், கேட்டுக்குக் காவலாளி வைத்தார்கள், காவலாளிக்குப் பக்கத்தில் பலகை வைத்தார்கள். பலகை செய்யும் வேலை தலைவரின் மச்சானுக்குக் கிடைத்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்ததால் பலகை பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தது.

முதல் திருக்கை விழுந்த சத்தம் லைன் அக்காவுக்குக் கூரையின் தாழ்ந்த மூலையில் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். யாருடைய காலடியும் இல்லை என்று அவள் நினைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற குமாஸ்தா, படிக்கட்டில் நின்றுகொண்டே உதவி எண்ணுக்கு அடித்திருந்தார். "அம்மா, இங்க ஒரு திருக்கை ஒதுங்கியிருக்கு" என்று அவர் சொன்னது போனிலும் கேட்டது, கூரை வழியாகவும் கேட்டது. அவள் வாலைச் சொன்னாள், ஈரத்துணியைச் சொன்னாள், ஓட்டையைச் சொன்னாள், வெயிலைச் சொன்னாள், படத்தைச் சொன்னாள். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது, கதவு திறந்திருந்ததால், அது அங்கே கிடப்பதை அவளால் பார்க்க முடிந்தது. அதன் கண்களுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் மூடித் திறந்தன. எட்டு வருஷமாக வாயால் சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். "ஆள் எப்பம்மா வருவாங்க?" என்றார் குமாஸ்தா. அவள் போனை வைத்துவிட்டு, ஜன்னல் திரையை உருவி, குடிதண்ணீர்ப் பானையில் முக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நீங்கதானே போன்ல இருந்தீங்க?" என்றார் குமாஸ்தா. "இருந்தேன்" என்றாள். "இப்ப இங்க இருக்கேன்."

அதைத் திரைச்சீலையில் ஏந்தி ஆட்டோவில் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். கூடவே மாமியாரையும் வழியில் ஏற்றிக்கொண்டாள். மாமியார் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். யாராவது மூச்சுவிடக் கஷ்டப்படுகிற இடத்தில் தான் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கேட்டில் காவலாளி மறித்தார். பலகையைக் காட்டினார். லைன் அக்கா பலகையை மேலிருந்து கீழே படித்தாள்.

"ஒதுங்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? திரும்பிப் போகக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

காவலாளி பலகையைப் பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "போடல" என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். கேட்டைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேட் உள்ளே வருகிற திருக்கைகளுக்கு மூடியும், வெளியே போகிற திருக்கைகளுக்குத் திறந்தும் இருந்தது. உள்ளே எது வெளியே எது என்ற குழப்பம் காவலாளிக்கு ஓய்வு பெறும்வரை தீரவில்லை.

மறுநாளே முதல் படியில் ஒரு பலகை வந்தது: இந்தப் படியில் ஒதுங்கக் கூடாது. அடுத்த திருக்கை இரண்டாவது படியில் ஒதுங்கியது. இரண்டாவது படிக்கும் பலகை வைத்தார்கள். அது மூன்றாவது படிக்குப் போனது. சட்டத்தை மதிப்பதில் திருக்கைகளைக் குறை சொல்லவே முடியாது. எங்கே கூடாது என்று எழுதியிருந்ததோ அங்கே ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மற்ற உயிரினங்களும் தங்களால் முடிந்த அளவு ஒத்துழைத்தன. ஆமை ஒன்று வங்கியில் வரிசையில் நின்றது, அதன் முறை வந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். சினிமாக் கொட்டகையின் முன்வரிசையில் ஒரு கடல்பசு ஒரு காட்சி முழுக்கக் கிடந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சண்டை போட்டார்களே தவிர வேறு ஆட்சேபம் வரவில்லை. ஆனால் திருக்கைகள் படிக்கட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நாளுக்கு ஒரு படியாக ஏறின. லைன் அக்காவின் கூரையில் அந்த ஈரத்துணிச் சத்தம் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் உயரத்துக்கு நகர்ந்தது. பலகைகளும் கூடவே ஏறின. மச்சானுக்குத் தைரியம் வந்துவிட்டபடியால் படிக்குப் படி பலகை பெரிதாகிக்கொண்டே போய், கடைசிப் படியின் பலகை ஒரு வாசற்கதவைவிட அகலமாக, ஆளுயரத்துக்கு நின்றது. மாடிக்குப் போகிறவர்கள் பலகைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து ஏறினார்கள். கொஞ்சம் உடம்பு வைத்தவர்கள் தங்கள் மனுக்களை மேலே எறிந்துவிட்டுப் போனார்கள்.

லைன் அக்கா ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கொண்டுபோய் விட்டாள். அலுவலகத்தில் திரைச்சீலை தீர்ந்து வெயில் உள்ளே வர ஆரம்பித்தது. ஐஸ் ஆலையில் வேலை பார்க்கும் அவள் புருஷன், தினமும் வேலைக்குப் போகிற வழியில் கடல்தண்ணீரைக் கேன்களில் நிரப்பிக் கொண்டுவந்து படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டுப் போவான். போன் வந்தால் பக்கத்திலிருந்தே எடுப்பதற்கு நீளமான வயர் வாங்கித் தொலைபேசியை மேலே இழுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்குக் குறிப்பாணை வந்தது. பணியிடத்தை விட்டு வெளியே போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பணியிடம்தான் தினம் ஒரு படி மேலே போகிறது, நான் பின்னால் போகிறேன் என்று விளக்கம் கொடுத்தாள். தலைவர் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் எது ஒதுங்கினாலும் குப்பை லாரி வந்து எடுத்துக்கொள்ளும், நீ போனை மட்டும் எடுத்தால் போதும் என்றார். "எடுத்து என்ன சார் சொல்றது?" என்றாள். "வழக்கமா சொல்றதைச் சொல்லு, ஆள் வருவாங்கன்னு" என்றார். "பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டாள். "எட்டு வருஷமா அதைத்தானேம்மா சொல்லிக்கிட்டு இருந்தே?" என்றார் தலைவர். அவர் அதை மோசமான எண்ணத்தில் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை, மாமியாரும் இந்த முறை தப்பாக நினைக்கவில்லை. "லாரிக்காரன் வந்தா என்ன செய்வே?" என்று மட்டும் கேட்டாள். "தெரியல அத்தை" என்றாள் மருமகள். "தெரியலைன்னா சரி. விட்டுடுவேன்னு சொல்லியிருந்தா உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்."

விருதுக் குழு வருகிற நாளைத் தலைவர் குறித்துக் கொடுத்தார். டால்பின் செத்த தேதியும் அதுதான். இரண்டையும் ஒரே ஆள் குறித்துக் கொடுக்கவில்லை என்றாலும் அப்படி அமைந்துவிட்டது. படிகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்ததால், அன்றைக்குக் காலை திருக்கை மாடியில், தலைவரின் அறைக் கதவுக்கு எதிரே, மிதியடி போடுகிற இடத்தில் ஒதுங்கியது. இதுவரை வந்தவற்றை ஒருவர் ஏந்திவிடலாம். இது கட்டில் அளவு. வாலே ஒரு சாட்டை நீளம் இருந்தது, அதில் முள் வேறு. முதுகு புடைத்திருந்தது. மாமியார் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நிறைமாசம்" என்றாள்.

குப்பை லாரி பின்வாசலில் இன்ஜினை அணைக்காமல் நின்றது. லாரிக்காரர்கள் இறங்கி மேலே வருவதற்குள் விருதுக் குழு முன்வாசலுக்கு வந்துவிட்டது. குழுவுக்குப் பெரியவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். ஊர் ஊராகச் சுத்தத்தைப் பார்க்கிறவர் வேறு நிறத்தில் போட முடியாது. பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே, இவ்வளவு ஒழுங்கான படிக்கட்டைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே வந்ததும் எதிரே ஈரத்துணி போர்த்திக் கிடந்ததைப் பார்த்து நின்றார். தலைவர் ஒரு கணம்தான் யோசித்தார்.

"புது மிதியடி சார். கடல் டிசைன்."

வெள்ளை ஷூக்காரர் மெச்சிக்கொண்டே ஒரு காலைத் தூக்கினார்.

"காலை எடுங்க சார்" என்றாள் லைன் அக்கா. அவள் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு."

"மிதியடியா?"

"மிதியடி இல்ல சார், திருக்கை. உங்க ஷூ இருக்கு பாருங்க, அதுக்கு நேர் கீழதான் அதோட மூச்சு ஓட்டை."

வெள்ளை ஷூக்காரர் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். தலைவர் சிரித்துக்கொண்டே, "இந்தம்மா தற்காலிகம் சார்" என்றார். பிறகு சிரிப்பை மாற்றாமல் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "லாரி நிக்குது. தள்ளு" என்றார்.

"மாட்டேன் சார்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதற்கு மேல் அவரால் குரலைத் தணித்துப் பேச முடியவில்லை. லாரிக்காரர்கள் இரண்டு பேர் கையில் கொக்கியோடு மாடிக்கு வந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்தபடியே, கொக்கியைப் பார்க்காமல், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். "என்னைத் தூக்கிப் போட்டுட்டு அதைத் தூக்குங்க" என்றாள். "நானும் இங்கதானே ஒதுங்கியிருக்கேன்? எனக்கும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்க." லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வந்த உத்தரவில் ஒரு திருக்கை என்றுதான் இருந்தது. ஆளையும் சேர்த்து எடுப்பதென்றால் தனி உத்தரவு வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மாமியார், "பேசினது போதும். வலி எடுத்தாச்சு. ஆம்பளைங்க எல்லாம் தள்ளி நில்லுங்க" என்றாள். பயந்துபோன திருக்கைகள் பிள்ளையைப் பாதியிலேயே போட்டுவிடும் என்று அரை நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்; அது லைன் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. போட்டது. மடித்த கைக்குட்டை மாதிரி சுருண்டு ஒன்று வந்து, தரையில் தானாக விரிந்தது. மாமியார் முப்பது வருஷப் பழக்கத்தில் அதைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். "அழ மாட்டேங்குதே" என்றாள்.

"அத்தை, அது அழாது."

"எந்தப் பிள்ளையா இருந்தாலும் அழணும். என் வார்டுல அழாம ஒண்ணும் வெளிய போனதில்ல" என்று மறுபடி தட்டினாள். குட்டி தன் பங்குக்கு அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டது. "சரி, இது நல்லா இருக்கு" என்று மாமியார் திருப்தியாகச் சொல்லி, வெள்ளை ஷூக்காரரைப் பார்த்தாள். "தம்பி, சும்மா ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு அந்த வாளியைப் புடிக்கலாம்ல?" அவர் பிடித்தார். அவருக்கு அறுபது வயது. தம்பி என்று யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடல்தண்ணீர் வாளிக்குள் நாலு குட்டிகள் விழுந்தன. தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. எடுக்கும்போதே யார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆள் கிளம்பிட்டாங்களா?"

அவர் வைப்பதற்கு முன்னால் அவள் பேசினாள். எட்டு வருஷத்தில் முதல்முறை. "கிளம்பியாச்சு அண்ணே. நான்தான் ஆள். ஆனா கை பத்தல. இது பெரிசா இருக்கு, அம்மாவும் பிள்ளைங்களுமா இருக்கு. ரொம்ப நேரம் தாங்காது."

அவர் வைக்கவில்லை. பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது; காற்றடிக்கிற இயந்திரத்தைப் போட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

லாரி டயருக்குள் போடுகிற பெரிய ரப்பர் ட்யூப்கள் இரண்டைக் காற்று நிரப்பி, தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு, அவர் பேருந்து நிலையத்தின் குறுக்கே ஓடிவந்ததைப் பல பேர் பார்த்தார்கள். மாடிக்கு வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் திருக்கையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். "எதுல வச்சுத் தூக்கறது? துணி தாங்காது" என்றார். லைன் அக்கா எழுந்தாள். கடைசிப் படியில் நின்ற பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஆணி சரியாக அடித்திருக்கவில்லை. மச்சானுக்குச் சதுர அடிக்குத்தான் கூலி, ஆணிக்கு இல்லை. பலகை கையோடு வந்தது. கதவைவிட அகலம், வழவழவென்று இருந்தது, தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. திருக்கையை அதன் பக்கம் லேசாகத் தள்ளினார்கள். வாலைத் தொடவில்லை. கூடாது என்ற எழுத்தின் மேல் அதன் வயிறு வந்து பொருந்தியது.

"அது அரசாங்கச் சொத்து!" என்று தலைவர் கத்தினார்.

"அரசாங்க வேலைக்குத்தான் சார் எடுக்கறோம்" என்றார் டயர்க்கடைக்காரர்.

முன்பக்கம் அவர் பிடித்தார், பின்பக்கம் லாரிக்காரர்கள் பிடித்தார்கள். கொக்கியைக் கீழே போட்டால்தானே பலகையைப் பிடிக்க முடியும், போட்டுவிட்டார்கள். ஒரு மூலையில் பார்த்தால் தலைவரின் மச்சானே பிடித்துக்கொண்டிருந்தார். "கீறல் விழாம, கீறல் விழாம" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. இறங்குவதற்கு இடைஞ்சலாக நின்ற மற்ற பலகைகளை மாமியார் காலால் எத்தித் தள்ளிக்கொண்டே முன்னால் போனாள். கீழே தள்ளுவண்டியில் ட்யூப்களின் மேல் பலகையை வைத்து, தெருவோடு போனார்கள். லைன் அக்கா பக்கத்தில் நடந்து தண்ணீர் ஊற்றினாள். இதுவரை அவளுக்குப் போன் செய்து காத்திருந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். கடைகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். யாரும் படம் பிடிக்கவில்லை. கை எல்லாம் குடத்திலும் குடையிலும் இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரர் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்த அளவு படித்துவிட்டு, ரயிலை நிறுத்தினார். வெள்ளை ஷூக்காரர் வாளியைக் கீழே வைக்க யாரும் சொல்லாததால் கடல்வரை பிடித்துக்கொண்டே வந்தார்.

தண்ணீரில் இறக்கியதும் திருக்கை கொஞ்ச நேரம் பலகையின் மேலேயே கிடந்தது. டயர்க்கடைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை விட்டாரா என்று தெரியவில்லை. வாளியைக் கவிழ்த்தார்கள். நாலு குட்டிகளும் தண்ணீரில் விரிந்தன. அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி பெரியது ஒரு பக்கம் லேசாகத் தூக்கி, மறுபக்கம் தூக்கி, பலகைக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அலை பலகையையும் எடுத்துக்கொண்டு போனது. டயர்க்கடைக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டே கரையேறி, முதல்முறையாக லைன் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பரவாயில்ல. சீக்கிரமாவே வந்துட்டீங்க."

அவள் அழுதாளா சிரித்தாளா என்பதில் அங்கிருந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. மாமியார் மட்டும், முகத்தில் உப்புத்தண்ணீர் தெறித்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.

சாயங்காலமே அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். எதிர்பார்த்ததுதான். இரவோடு இரவாக மிதியடி இருந்த இடத்திலும் ஒரு பலகை வைத்தார்கள். மறுநாள் காலை குடையையும் டிபன் பாக்ஸையும் எடுக்க வந்தவள், கூரையில் சத்தம் எதுவும் கேட்காததைக் கவனித்தாள். அலுவலகத்தில் பலகை இல்லாத இடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தொலைபேசி அடித்தது. பழக்கத்தில் எடுத்துவிட்டாள்.

"என் நாற்காலியில..." என்றது தலைவரின் குரல். "கைப்பிடி வழியா தொங்குது. என்ன செய்யறது?"

"வாலைத் தொடாதீங்க. ஈரத்துணி போடுங்க, கண்ணுக்குப் பின்னால இருக்கற ஓட்டையை மூடாதீங்க. வெயில் படாம மறைச்சுக்கங்க."

"உள்ள வெயில் அடிக்குதும்மா, திரையே இல்லையே!"

"நீங்க நின்னு மறைங்க சார்."

அவர் மறைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆள் எப்ப வருவாங்க?" என்று கேட்டார். எத்தனையோ பேர் அவளிடம் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே குரல்தான் போலிருக்கிறது.

"ஆளை நேத்துத்தான் சார் வேலையை விட்டு எடுத்தீங்க."

அந்தப் பக்கம் அவளை எடுத்த உத்தரவுக் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. "இன்னும் சின்னதா கிழிங்க சார், சரியா கேக்கல" என்றாள். இன்னும் சின்னதாகக் கிழித்தார். அதற்குப் பிறகுதான் அவள் மாடி ஏறினாள். ஈரச்சட்டையால் நாற்காலிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்ற தலைவர், அன்றைக்குப் பகல் முழுக்க யாருடைய மனுவையும் நிராகரிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து பல வருஷமாகிறது. அந்த ஊருக்கு விருது கிடைக்கவில்லை. வெள்ளை ஷூக்காரர் தன் அறிக்கையில் கடற்கரையைப் பற்றி ஒன்றும் எழுதாமல், நாலும் நலம் என்று மட்டும் எழுதியிருந்தார். அலுவலகத்திலிருந்த பலகைகளையெல்லாம் எடுத்து, ஒதுங்கியதை வைத்துத் தூக்குவதற்கென்று தெருவுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பணியிடத்திலும் லைன் அக்காவே இருக்கிறாள், தற்காலிகமாகத்தான். திருக்கைகள் இப்போது பெரும்பாலும் கரையில் ஒதுங்குகின்றன. பழகிப்போன சில மட்டும் இன்னும் மாடிப்படிக்கே வருகின்றன. படியில் ஒன்று கிடந்தால் வரி கட்ட வந்தவர்கள் கைப்பிடியில் தொங்கும் ஈரத்துணியை எடுத்துப் போர்த்திவிட்டு, ஒருபக்கமாக ஒதுங்கி ஏறிப் போகிறார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் வழுக்கும் என்பதைத் தவிர வேறு புகார் இல்லை.

கடந்த வாரம் டயர்க்கடைக்காரர் போன் செய்தார். "லைன் அம்மா, கரையில ஒண்ணு ஒதுங்கியிருக்கு."

"என்னது அண்ணே? திருக்கையா, ஆமையா?"

"பலகை. பாசி புடிச்சுக் கெடக்கு. ஒதுங்கக் கூடாதுன்னு மட்டும் தெரியுது. அந்தக் கடைசிப் படியோடதுன்னு நெனைக்கறேன், மேல பாதி அழிஞ்சிருக்கு."

"மூச்சு இருக்கா?"

"இருக்கற மாதிரி தெரியல."

"சரி. ஈரத்துணி எல்லாம் வேணாம். கூட்டம் கூடிப் படம் வேணா புடிச்சுக்கச் சொல்லுங்க."

"ஆள் கிளம்பிட்டாங்களா?" என்றார் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பது அவளுக்குத் தெரிந்தது.

லைன் அக்கா குடையை எடுத்துச் சுவரில் மாட்டினாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எட்டு வருஷம் பழகிய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல், "ஆள் வருவாங்க" என்றாள்.

பலகை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.